பெட்டி திறக்க மாட்டேங்குது

ஜனவரி 11, 2025, சனி

பெட்டி வந்துடுச்சு! அமெரிக்காவுல லூசியானா மாநிலத்து லஃபயெட்டுக்கு குடி வந்து ரெண்டு வருஷம், எந்த ஓட்டலுக்குப் போனாலும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் காதுல விழுந்துக்கிட்டே இருந்த சத்தம், கடைசியில ஆசை தாங்காம ஒரு கேஜன் அக்கார்டியன் வாங்கிட்டேன் (கேஜன்னா இங்க இருக்கற ஃபிரெஞ்சு வம்சாவளி ஜனங்க). புதுசு இல்ல, லூசியானாலயே கையால செஞ்ச பழைய பெட்டி, சி சுருதி, வலது பக்கம் பத்து பட்டன், இடது பக்கம் பாஸுக்கு ரெண்டே ரெண்டு, மேல இழுத்து விடுற மாதிரி நாலு ஸ்டாப், அதாவது எத்தனை வரிசை நாக்கு சேர்ந்து ஒலிக்கணும்னு திறந்து மூடுற குமிழ். அவ்வளவுதான். பியானோ அக்கார்டியன் மாதிரி பெருசா நெஞ்சுல தூக்கி மாட்டுற சமாச்சாரம் இல்ல, மடியில வெச்சுக்கிற சின்ன சாமான்.

வித்தவர் "துருத்தி மட்டும் போன மாசம்தான் புதுசா போட்டேன்"னு பெருமையா சொன்னார். நானும் ஆஹா, நல்ல விஷயம்தானேன்னு பேரமே பேசல. வீட்டுக்கு வந்து மேல கீழ இருக்கற பட்டையைக் கழட்டினதும், யாருமே தொடாம துருத்தி தானா ஒரு விரல்கட்டை அளவுக்கு விரிஞ்சு நின்னுச்சு, கையால அமுக்கி மூடினா திரும்ப மெதுவா எழுந்துக்குது, புது நோட்டுப் புத்தகத்தோட அட்டை மாதிரி. இழுத்தா பாதி வரைக்கும் வருது, அப்புறம் "போதும்டா"ன்னு நிக்குது.

ஜனவரி 13, திங்கள்

ஆபீஸ் முடிஞ்சு வந்து அரை மணி நேரம் வாசிச்சேன், இடது தோள்பட்டை போச்சு. இந்தப் பெட்டியில ஒரே பட்டன், துருத்தியைத் தள்ளும்போது ஒரு ஸ்வரம், இழுக்கும்போது வேற ஸ்வரம். ஒரு பட்டன் எடுத்துக்கிட்டா தள்ளினா ச, இழுத்தா ரி. அதனால ஒரு சாதாரண டூ ஸ்டெப் (இங்கத்த டான்ஸ் மெட்டு) வாசிக்கவே துருத்தி ஒரு வரிக்கு பத்து தடவையாவது திசை மாறணும். துருத்தி இறுக்கமா இருந்தா அந்த ஒவ்வொரு திருப்பத்துலயும் கை ஒரு கணம் மாட்டிக்குது, பாட்டு நொண்டி அடிக்குது.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்துட்டு "என்னங்க, துணி பிழியிறீங்களா பாட்டு வாசிக்கிறீங்களா"ன்னு கேட்டா. பதில் சொல்ல மூச்சு இல்ல.

ஜனவரி 18, சனி

இன்னிக்கு பெட்டியை சோதனை போட்டேன். இறுக்கம்னு நாம சொல்றது உண்மையிலயே துருத்தியிலயா, இல்ல காத்து போக வழி இல்லாததாலயான்னு முதல்ல பிரிச்சுப் பார்க்கணுமாம். இடது பக்கத்தை மேல தூக்கிப் பிடிச்சு, பட்டன் பக்கத்தை கீழ தொங்க விட்டேன் (கீழ கட்டில், மெத்தை, தலகாணி எல்லாம் போட்டுட்டுத்தான், பயம்). எந்த பட்டனும் அமுக்கல. நல்லா காத்து புடிக்கிற பெட்டின்னா ரொம்ப மெதுவா இறங்கும், ஓட்டை இருந்தா மடமடன்னு விழும். இது மெதுவா இறங்குச்சு, சரி, ஓட்டை இல்ல.

அடுத்து ஏர் பட்டன். இடது கட்டை விரலுக்கு நேரா இருக்கற பட்டன் அது, அதை அமுக்கினா ஒரு சத்தமும் வராம காத்து மட்டும் உள்ள வெளிய போகும். அதை அமுக்கிப் பிடிச்சா பெட்டி தன் கனத்துலயே சர்ருன்னு முழுசா தொங்கிடணும். என்னோடது பாதி வந்து நின்னுச்சு. நின்னு லேசா ஊஞ்சல் மாதிரி ஆடுச்சு. காத்துக்கு வழி திறந்து இருக்கு, இருந்தும் விரியல, அப்போ குத்தம் மடிப்புலதான்.

டார்ச் அடிச்சு மூலையைப் பார்த்தேன். துருத்தின்னா வெறும் அட்டை மடிப்பு, வெளிய துணி ஒட்டி இருக்கும், ஆனா மூலையில அட்டை மடங்காதே, அங்க சின்ன சின்ன தோல் துண்டு முக்கோணமா ஒட்டி இருக்காங்க. அந்தத் தோலை நகத்தால தொட்டா காஞ்ச அப்பளம் மாதிரி விறைப்பு. பெட்டியோட மொத்த இறுக்கமும் அந்த மூலைகள்லதான் உட்கார்ந்திருக்கு.

ஜனவரி 21, செவ்வாய்

பனி!! லஃபயெட்ல பனி! லேக் சார்ல்ஸ் வானிலை ஆபீஸ் முதல் தடவையா பிளிசர்ட் வார்னிங் (பனிப்புயல் எச்சரிக்கை) கொடுத்திருக்கு, ஐ டென் ஹைவே மூடியாச்சு, ஆபீஸ் லீவு, வாசல்ல கணுக்கால் மூழ்குற பனியில பொண்ணு உருண்டு புரண்டுக்கிட்டு இருக்கா, எதிர்வீட்டு வாழை மரம் வெள்ளைப் போர்வை போர்த்திக்கிட்டு நிக்குது. வாழையும் பனியும் ஒரே போட்டோவுல, இனிமே ஜென்மத்துக்கும் கிடைக்காது.

ஹீட்டர் நாள் பூரா ஓடுது. உதடு வெடிக்குது. பெட்டி இன்னும் மோசம்.

ஜனவரி 22, புதன்

நேத்து ராத்திரி ஒரு முட்டாள்தனம் பண்ணினேன், எழுதி வெச்சுக்கிறேன். இழுத்தபடியே விட்டு வெச்சா ராத்திரியோட ராத்திரியா இளகிடும்னு, துருத்தியை முழுசா விரிச்சு ரெண்டு பக்கமும் தடி புத்தகம் முட்டுக் கொடுத்து மேஜையில வெச்சுட்டுத் தூங்கிட்டேன். அதுவும் ஹீட்டர் காத்து வர்ற ஓட்டைக்கு நேர் கீழ. காலையில பார்த்தா நடு மடிப்பு தொப்பை மாதிரி கீழ தொங்கிப் போச்சு, மூடினா ஒரு பக்கம் பிதுங்குது. அய்யோன்னு ஆகிடுச்சு. பட்டையைப் போட்டு மூடி வெச்சிருக்கேன்.

அப்புறம் தேங்கா எண்ணெய் பாட்டிலைக் கையில எடுத்தேன். காஞ்ச தோலுக்கு எண்ணெய், இதுல என்ன தப்புன்னு. நல்ல வேளை, பனி பார்க்க வெளிய நின்ன எதிர்வீட்டு தாத்தாகிட்ட எதேச்சையா சொன்னேன். அவர் சின்ன வயசுல அவங்க அப்பா வாசிச்ச பெட்டியைத் தூக்கிக்கிட்டு டான்ஸ் ஹாலுக்குப் போனவர். என்னை எப்பவும் "ஷா"ன்னுதான் கூப்பிடுவார், ஃபிரெஞ்சுல அன்பா சொல்ற 'ஷேர்' இவங்க வாயில அப்படி ஆகிடுச்சு. "ஷா, எண்ணெய் மட்டும் வைக்காதே, தோலோட நிக்காது அது, அட்டைக்குள்ள ஊறி, பசை விட்டு, துணி உரிஞ்சு வந்துடும், அப்புறம் துருத்தியை பனிக்கு தொப்பியா போட்டுக்கலாம்"னார். தண்ணி, ஆவி? அதுவும் வேண்டாமாம், உள்ள காத்துல அதிர்ந்து சத்தம் கொடுக்கிற எஃகு நாக்கு துருப்பிடிக்கும். என் பெட்டியில வலது பக்கம் மட்டும் எண்பது நாக்கு, பத்து பட்டன், ஒவ்வொண்ணுக்கும் தள்ள ஒண்ணு இழுக்க ஒண்ணு, அந்த மாதிரி நாலு வரிசை. எண்பதையும் துருப்பிடிக்க வெச்சுட்டு என்ன பண்றது.

வேற என்னதான் பண்றதுன்னு கேட்டதுக்கு "வாசி"ன்னுட்டு உள்ள போயிட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

பனி எல்லாம் கரைஞ்சு போச்சு. பெட்டியை ஹீட்டர் பக்கத்துல இருந்து மாத்தி, படுக்கை ரூம் உள்சுவர் ஓரமா கேஸுக்குள்ள வெச்சிருக்கேன். தொப்பையும் மூணு நாள் மூடி வெச்சதுல போயிடுச்சு.

தினம் பத்து நிமிஷம் பாட்டு கிடையாது. ஏர் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மெதுவா முழுசா திறக்குறது, மெதுவா மூடுறது, ஹூ... ஹூ...ன்னு. கொல்லன் பட்டறை துருத்தியேதான். பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து கூடவே மூச்சு விடுறா. கட்டாயமா இழுக்கக் கூடாது, எங்க தடுக்குதோ அங்க ஒரு நொடி நின்னு திரும்பிடணும், அடுத்த தடவை அரை அங்குலம் கூட வருது.

பிப்ரவரி 1, சனி

இன்னிக்கு பக்கத்து ஊர் யூனிஸ் போனேன். க்ரௌலி வரைக்கும் ஐ டென், அங்க இருந்து வடக்கால வயல் வயலா போகுது ரோடு. நெல் அறுத்த வயல்லயே தண்ணி கட்டி கிராஃபிஷ் (சின்ன இறால் மாதிரி நன்னீர் நண்டு வகை) வளர்க்கிறாங்க, வரப்பு, கொக்கு, தண்ணிக்கு மேல சிவப்பு கூண்டு மூடி. சவ்வா மியூசிக் சென்டர்ல சனிக்கிழமை காலையில யார் வேணா வந்து சேர்ந்து வாசிக்கலாம். மார்க் சவ்வா 1966ல திறந்த கடை அது, பின்னாடியே அவர் அக்கார்டியன் செய்யுற பட்டறை. பிடில் ஏழெட்டு பேர், கிடார், ஒரு முக்கோணக் கம்பி, வட்டமா நாற்காலி, ஒரு மேஜையில புடான். (புடான்னா அரிசியும் பன்னிக்கறியும் ஈரலும் போட்ட சாசேஜ், சூடா சாப்பிட்டா சொர்க்கம்.)

நான் ஓரமா பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு சும்மா பார்த்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல ஒரு பெரியவர், வாசிச்சு முடிச்சுட்டு உட்கார்ந்தவர், என் பெட்டியைப் பார்த்து "வாசியேன்"னார். துருத்தி இறுக்கம்னு சொன்னேன். வாங்கி ரெண்டு இழு இழுத்தார், "ஆமா, புதுசு"ன்னார், அப்புறம் மேல பார்த்து சிரிச்சார். நாலு ஸ்டாப்ல ஒண்ணுதான் திறந்து இருந்துச்சு.

அதுக்குக் காரணம் நான்தான். அபார்ட்மென்ட், பக்கத்து வீட்டுல கைக்குழந்தை, இந்தப் பெட்டி நாலு ஸ்டாப்பும் திறந்தா தெருமுனை வரைக்கும் கேட்கும். அதனால வந்த நாள்ல இருந்து மூணை மூடி ஒண்ணுலயே வாசிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு பட்டனுக்கு நாலு நாக்கு வழியா போக வேண்டிய காத்து ஒரே நாக்கு வழியா போகணும்னா எப்படி போகும்? நான் எவ்வளவு பலமா இழுத்தாலும் அது சொட்டு சொட்டாத்தான் விடும். ஏர் பட்டன் சோதனையில தெரிஞ்ச மடிப்பு விறைப்பு ஒரு பங்குன்னா, மிச்ச பங்கு நானே அடைச்சு வெச்சது! நாலையும் திறந்து கையில கொடுத்தார். பாதி கனம் காணாம போச்சு. ஆனா இப்போ காத்து சீக்கிரம் தீருது, பாட்டுக்கு நடுவுல ஏர் பட்டனைத் தட்டித் தட்டி மூச்சு சேர்த்துக்கணும், அது இன்னொரு வித்தை.

அதோட விடல அவர். நான் இடது கையை நேரா வெளிப்பக்கம் இழுக்கிறதைப் பார்த்துட்டு, குனிஞ்சு துருத்தியோட கீழ் விளிம்பை ரெண்டு விரலால கிள்ளிப் பிடிச்சுக்கிட்டார். "இப்போ இழு." கீழ மூடியே இருக்கு, மேல மட்டும் விசிறி மாதிரி விரியுது. அட! நம்ம ஆர்மோனியப் பெட்டி பின்னாடி துருத்தி அடிக்கிற மாதிரியேதான், கீழ கீல் போட்ட மாதிரி நிக்கும், மேல் விளிம்புதான் வந்து போகும். சின்ன வயசுல பஜனை மடத்துல மணிக்கணக்கா பார்த்ததுதான், இங்க வந்து ஒரு கேஜன் தாத்தா கிள்ளிப் பிடிச்சுக் காட்ட வேண்டி இருக்கு. எல்லா மூலையையும் ஒரே நேரத்துல இழுத்தா எட்டு பேரோட கயிறு இழுக்கிற மாதிரி, விசிறி மாதிரி திறந்தா மேல் மூலைங்க மட்டும்தான் வேலை செய்யுது.

பிப்ரவரி 8, சனி

இந்த வாரம் போகல, பொண்ணுக்கு ஜுரம்.

எதிர்வீட்டு தாத்தாகிட்ட யூனிஸ் கதை சொன்னேன். அவர் பழைய கதைக்குப் போயிட்டார். போருக்கு முன்னாடி இங்க எல்லாரும் வாசிச்சது ஜெர்மன் பெட்டி, மொனார்க், ஸ்டெர்லிங், சின்ன கறுப்புப் பெட்டிங்க. ரெண்டாம் உலகப் போர் வந்ததும் ஜெர்மனியில இருந்து வரத்து நின்னு போச்சு, அதுக்கு முன்னாடியே பாட்டு ஃபேஷன் பிடில், கிடார் பக்கம் போயிருந்துச்சு. 1948ல ஐரி லெஜூன்ங்கிற அக்கார்டியன்காரர் ரெகார்டு வந்து அக்கார்டியனைத் திரும்ப மேடை ஏத்துச்சு, மனுஷன் அரைக் குருடு, 1955ல ரோட்டுல கார் மோதி 26 வயசுல போயிட்டார். பெட்டிக்கு ஆள் இருக்கு, பெட்டி இல்ல. லேக் சார்ல்ஸ்ல சிட்னி பிரவுன்னு ஒருத்தர் பழைய ஜெர்மன் பெட்டிங்களைப் பிரிச்சு அந்த சாமானைப் போட்டே இங்க செய்ய ஆரம்பிச்சார். அதைப் பார்த்துத்தான் மத்தவங்க. தாத்தாவுக்கு இதெல்லாம் சரித்திரம் இல்ல, அவங்க அப்பா பெட்டியோட துருத்தி கிழிஞ்சப்போ அம்மா பழைய சட்டைத் துணியைக் கோதுமை மாவுப் பசையில ஒட்டினாங்களாம். "அது இறுக்கமா இருந்துச்சா?"ன்னேன். "இறுக்கமா? எலி வந்து தின்னுச்சு"ன்னார்.

பிப்ரவரி 19, புதன்

இடது கைப் பட்டையை ஒரு ஓட்டை இறுக்கினேன். கை அதுக்குள்ள தளர்வா கிடந்தா, திசை மாறும்போதெல்லாம் முதல்ல கை நகர்ந்து, பட்டை முட்டி, அப்புறம்தான் துருத்தி நகருது. அந்த இடைவெளியையும் துருத்தி கணக்குல எழுதி திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். ரொம்ப இறுக்கினா மணிக்கட்டு மரத்துப் போகும், ஒரு ஓட்டை போதும்.

பக்கத்து வீட்டு அம்மாகிட்ட போய் நேராவே கேட்டுட்டேன், சாயங்காலம் ஆறுல இருந்து ஆறரை வரைக்கும் நாலு ஸ்டாப்போட வாசிச்சா பரவாயில்லையான்னு. குழந்தை அந்த சத்தத்துக்குத்தான் தூங்குதாம்! இத்தனை நாள் மூணை மூடிக்கிட்டு யாருக்காக தோள்பட்டையை உடைச்சுக்கிட்டேனோ.

மார்ச் 4, செவ்வாய்

மார்டி க்ரா, நோன்புக்கு முந்தின நாள் திருவிழா. லீவு. வெளிய காத்து பிச்சுக்கிட்டு போகுது, ஊர்வலம் பார்க்கப் போய் பாதியில திரும்பிட்டோம், பொண்ணு கழுத்துல மட்டும் ரெண்டு கிலோ பாசிமணி.

மத்தியானம் திரும்ப தொங்க விட்டுப் பார்த்தேன், அதே கட்டில், அதே தலகாணி. ஏர் பட்டன் அமுக்கினதும் முக்கால் வரைக்கும் நிக்காம வந்துச்சு, கடைசி ரெண்டு மூணு மடிப்பு மட்டும் இன்னும் சோம்பேறி. அது போதும், வாசிக்கும்போது அவ்வளவு தூரம் திறக்கிறதே இல்ல, முதல் பாதி மடிப்புலதான் மொத்தப் பாட்டும் நடக்குது. மூலைத் தோலைத் தொட்டா பழைய பர்ஸ் மாதிரி இருக்கு. வெளிய ஈரக்காத்து வர ஆரம்பிச்சதும் ஒரு காரணமா இருக்கும், முழுப் பேரும் என் உடற்பயிற்சிக்கே எடுத்துக்க முடியாது.

மார்ச் 7, வெள்ளி

வாசிச்சு முடிச்சு மூடினேன். திரும்ப எழுந்திருக்கல. பட்டையோட பட்டனை இத்தனை நாள் முழங்காலால அமுக்கிப் பிடிச்சு ரெண்டு கையால மாட்டுவேன், இன்னிக்கு ஒத்தக் கையில டக்குன்னு மாட்டிடுச்சு.

நாளைக்கு யூனிஸ். இந்த தடவை வீட்டுக்காரியும் வரேன்னு சொல்றா, புடானுக்காகத்தான்னு தெரியும். இழுக்கும்போது எட்டாவது பட்டன்ல ஒரு நாக்கு லேசா கரகரங்குது, அந்தப் பெரியவர் வந்தா காட்டணும்.