வாளித் தோட்டத்துக்குத் தண்டு வேர்விட வைத்த ஆறு வாரம்

மண் இல்லாமல், வாளியில் உரக்கரைசல் வைத்துச் செடி வளர்க்கிறேன். போன முறை விதையிலிருந்துதான் ஆரம்பித்தேன். பேசில் முளைத்து வலைத்தொட்டியில் (வேர் வெளியே வர ஓட்டைகள் உள்ள சிறு தொட்டி) வைக்கிற அளவுக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. புதினா விதையை நம்பவே முடியாது. முளைத்து வந்தாலும் தாய்ச்செடியின் மணம் அப்படியே வராது. அதனால் இந்த முறை எல்லாமே தண்டு. புதினா 6, பேசில் 6, ரோஸ்மேரி 4.

முதல் நாள், காலையிலேயே வெட்டினேன். அந்த நேரத்தில்தான் செடி நீர் பிடித்து விறைப்பாக நிற்கும். 10 செ.மீ. நீளமுள்ள நுனிக்கிளை, கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரே வெட்டு. வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன் நுனியில் உருவாகி, தண்டு வழியே கீழிறங்கி, வெட்டிய இடத்தில் சேர்கிறது. நுனித்தளிரைக் கிள்ளாமல் விட்டதற்கு அதுதான் காரணம். கீழ் இலைகளை உருவிவிட்டு மேலே நாலைந்து மட்டும் வைத்தேன். பேசிலின் பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கினேன். வேர் இல்லாத தண்டு, அத்தனை இலைக்கும் நீர் இறைக்க முடியாமல் வாடிவிடும்.

கண்ணாடிக் குவளைகளைச் சுற்றிக் கறுப்புத் தாள். வெளிச்சம் பட்டால் சீக்கிரமே பாசி பிடிக்கும். தண்ணீரில் ஒன்றிரண்டு கணு மட்டும் மூழ்கியிருக்கும்படி வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றினேன். அசையாமல் நிற்கிற நீரில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும், தண்டு அழுகுவது அங்கேதான் தொடங்கும். வைத்த இடம் சன்னல் ஓரம், நேர் வெயில் படாத வெளிச்சம்.

4ஆம் நாள் புதினாக் கணுவில் வெள்ளைப் புள்ளிகள். 6ஆம் நாள் அவை ஒரு செ.மீ. வேராகியிருந்தன! பேசில் 8ஆம் நாள் வேர்விட்டது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் இலையிடுக்கில் குட்டியாகப் பூமொட்டு. வெட்டும்போது கவனிக்கவில்லை. மொட்டு வந்த கிளை தன் சத்தைப் பூவுக்குத் திருப்பிவிடும், வேருக்கு மிஞ்சாது.

ரோஸ்மேரி 20 நாளாகியும் அசையவில்லை. இரண்டின் அடி கறுத்துவிட்டது. பழுப்பேறிய முற்றிய கிளையாக வெட்டியிருந்தேன். அவற்றை எடுத்துவிட்டு, பச்சை மாறாத இளங்கிளை நான்கை வெட்டி, ஈரமான பெர்லைட்டில் (எடையில்லாத வெள்ளை எரிமலைக்கல் துகள்) குத்தி, மேலே பாதி வெட்டிய பாட்டிலைக் கவிழ்த்து மூடினேன். ரோஸ்மேரிக்கு இந்த முறைதான் பொருந்துகிறது. வேருக்குக் காற்று கிடைக்கிறது, இலையும் காய்வதில்லை. இன்றைக்கு, குத்தி மூன்று வாரம் கழித்து, லேசாக இழுத்துப் பார்த்தபோது மூன்று பிடித்து நிற்கின்றன.

வாளிக்கு வருகிறேன். 10 லிட்டர் வாளி, மூடியில் 5 செ.மீ. துளைகள், பம்ப் கிடையாது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை இது. கரைசல் குறையக் குறைய மேல் வேர்கள் காற்றில் தொங்கி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், நுனி வேர்கள் நீரைத் தேடி இறங்கும்.

இங்கேதான் செடிகளை இழந்தேன். 12ஆம் நாள் புதினா மூன்று, பேசில் மூன்று எடுத்து, வளர்ந்த செடிக்குக் கொடுக்கிற அளவிலேயே, இ.சி. (கரைசலில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டும் மின்கடத்து அளவு) 1.8 வைத்து, உரக்கரைசலில் இறக்கினேன். மூன்றாம் நாள் இலை ஓரம் கருகியது. வெறும் தண்ணீரில் பிறந்த வேருக்கு அவ்வளவு உப்பு தாங்காது. அதோடு கரைசலைத் தண்டு வரை நிரப்பியிருந்தேன். காற்றுக்கு இடமே இல்லாமல் வேர் பழுப்பாகி வழவழத்து, ஒரு வாரத்தில் நான்கு போய்விட்டது. வேர் 7 செ.மீ. வரை நீண்டிருந்ததால் வலைத்தொட்டியில் நுழைக்கும்போது ஒடிந்ததும் உண்டு.

குவளையில் மிச்சமிருந்த ஐந்தை வேறு மாதிரி கையாண்டேன். முதல் நான்கு நாள் இ.சி. 0.6, அப்புறம் 0.9, பத்தாம் நாளிலிருந்து 1.2. பி.ஹெச். 6ஐ ஒட்டி. கரைசல் வலைத்தொட்டியின் அடியைத் தொட்டும் தொடாமலும். குறைந்தபோது பாதி வரைதான் ஊற்றினேன். காற்றுக்குப் பழகிய மேல் வேரைத் திரும்ப மூழ்கடித்தால் அது அழுகும். ஐந்துமே தழைத்துவிட்டன. புதினாவில் புது இலை விரிந்த அன்று வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

சரி, இடம் மாற்றும்போதுதான் வேர் ஒடிகிறது என்றால், மாற்றவே வேண்டாமே என்று தோன்றியது. இப்போது மூன்றாவது சுற்றில் எட்டுத் தண்டுகளை முதல் நாளே ஸ்பாஞ்சில் சொருகி, வலைத்தொட்டியோடு வாளியில் வைத்துவிட்டேன். உள்ளே வெறும் தண்ணீர், தண்டின் அடி 2 செ.மீ. மட்டும் நனைகிறது. வேர் ஸ்பாஞ்சைத் தாண்டி 3 செ.மீ. வந்ததும் அதே தண்ணீரில் உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கப் போகிறேன். இன்றோடு ஐந்தாம் நாள். மூடியைத் தூக்கிப் பார்த்தேன், ஆறு புதினாவிலும் வெள்ளைப் புள்ளி இருக்கிறது. பேசில் இரண்டும் இன்னும் இல்லை.