பொதுத் தடமும் எங்கள் மாவு வியாபாரமும்

2023 டிசம்பர் முதல் வாரம், காலை ஆறரை மணி. டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் மாவு பாக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டு மளிகைக் கடைகளுக்குக் கிளம்பினேன். எங்கள் வீட்டுக்கும் முன்வீட்டுக்கும் பொதுவான தடத்தின், அதாவது வீதிக்குப் போகிற பாதையின், வாயில் முந்தின நாள் இல்லாத இரும்பு கேட் ஒன்று நின்றது. பூட்டு வெளிப்பக்கம் தொங்கியது. பின்னால் குடியிருக்கும் எங்களுக்கு வீதிக்குப் போக வேறு வழி கிடையாது. முன்வீட்டு அண்ணாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இருபது நிமிஷம் கழித்துத்தான் வந்து திறந்தார். "இனி நேரத்துக்குத்தான் திறப்பேன் அம்மிணி. இது என்ற இடம்" என்றார்.

அன்று தொடங்கியது முடிய ஒன்பது மாதமாயிற்று. இதே நிலைமையில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்று தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோவையின் கிழக்குப் பக்கம், பழைய மில் தொழிலாளர்கள் குடியிருந்த வீதியில் இருக்கிறது. தாத்தாவுக்கு ஒரே மனை. முன்பாதி பெரியப்பாவுக்கு, பின்பாதி அப்பாவுக்கு. பக்கவாட்டில் பத்தடி அகலத்தில் ஒரு தடம். பெரியப்பா மகன் 2016இல் முன்வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர்தான் அந்த அண்ணா, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கார் ஷெட் தடத்தைப் பார்த்துத்தான் திறக்கும். ஐந்து வருஷம் எந்தச் சண்டையும் இல்லை. கொரோனாவில் என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. 2021இல் நான் இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். முதலில் வீட்டுக் கிரைண்டர். பிறகு பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று வாங்கினோம். இரண்டு வருஷத்தில் சாயங்காலமானால் தடம் முழுக்க வண்டிகள் நிற்க ஆரம்பித்தன.

வண்டிகள் வழியை மறைக்கின்றன என்று அண்ணா இரண்டு மூன்று தடவை சொன்னார். "ஏனுங்க அண்ணா, ரெண்டு நிமிஷத்துல போயிருவாங்க" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

கேட் போட்ட அன்றே ஸ்டேஷனுக்குப் போனேன். "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் முதலில் சொன்னார்கள். சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வேண்டும் என்று எழுத்தில் மனு கொடுத்து உட்கார்ந்திருந்தேன். ரசீது கிடைத்தது. இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசினார்கள், அன்று சாயங்காலம் பூட்டை எடுத்தார், நான்காம் நாள் மறுபடியும் பூட்டு தொங்கியது. யாருக்குப் பாத்தியம் என்று சொல்கிற அதிகாரம் போலீசுக்கு இல்லை. ஆனால் எந்தத் தேதியில் வழி அடைக்கப்பட்டது என்பதற்கு அந்த ரசீதுதான் பின்னால் சாட்சியாக நின்றது.

அதற்குள் அவரும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் தொழில் நடக்கிறது, விடியற்காலை இரைச்சல், தடத்தில் கழிவுநீர் என்று மாநகராட்சிக்கு மனு போட்டார். சுகாதார ஆய்வாளர் வந்தார். என்னிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு இருந்தது. அப்போது வருஷ விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு போதும், வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணம் என்று இருந்தது. அது இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாநகராட்சித் தொழில் உரிமம் வேறு, அது வேறு. ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகாது. நோட்டீஸ் வந்தது. கையில் அதை வைத்துக்கொண்டு நின்ற அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்த வருமானத்தில்தான் பையனுடைய பாலிடெக்னிக் ஃபீஸ் போகிறது.

தெரிந்தவர் மூலம் பார்த்த முதல் வக்கீல், முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டு வழக்குப் போடலாம், ஆரம்பச் செலவுக்கு 25,000 ரூபாய் கொண்டு வாங்க என்றார். பத்திரத்தை வாங்கிப் பார்க்கவே இல்லை. எனக்கு அது உறுத்தியது. மாவு வாங்க வரும் ஒரு அக்கா, ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்றார். உண்மைதான். 1987ஆம் வருடச் சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வீடு அம்மா பெயரில் இருந்ததால் அம்மா பெயரில், வழக்குக்கு முந்தைய சமரச மனுவாகக் கொடுத்தோம். கோர்ட் கட்டணம் எதுவும் கட்டவில்லை.

அங்கே எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா கேட்ட முதல் கேள்வி: "தாய்ப் பத்திரம் எங்கே?"

எங்களிடம் இருந்தது 2004இல் அப்பா அம்மாவுக்கு எழுதி வைத்த தான செட்டில்மென்ட் மட்டும். அதில் "மாமூல் தடப் பாத்தியங்கள் சகிதம்", அதாவது வழக்கமான வழி உரிமைகளோடு, என்று ஒற்றை வரி. எவ்வளவு அகலம், எங்கிருந்து எங்கே, யார் யாருக்கு, ஒன்றும் இல்லை. மூலப் பாகப்பிரிவினைப் பத்திரம் மூத்தவர் என்பதால் பெரியப்பாவிடம் போய், அங்கிருந்து எங்கோ போய்விட்டது. எழுபத்தொரு வயது அம்மாவுக்கு வருஷம் மட்டும் ஞாபகம் இருந்தது. "உன்ற அக்கா பொறந்த வருஷம். அறுபத்தெட்டு. எழுதி முடிச்ச அன்னைக்கு உன்ற தாத்தா எல்லாருக்கும் பொரி கடலை வாங்கிட்டு வந்தார்."

ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் கம்ப்யூட்டரில் 1975க்குப் பிந்தையதுதான் வந்தது. அதனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தோம், பழைய இண்டெக்ஸ் புத்தகத்தில் தேடி எடுத்தார்கள். மூன்று வாரம் நடந்தேன். கட்டணம் சில நூறு ரூபாய்தான்.

நகல் கையில் வந்ததும் அலுவலகத் திண்ணையிலேயே உட்கார்ந்து படித்தேன். கைப்பட எழுதிய பத்திரம். சாய்ந்த எழுத்து, இடைவெளியே இல்லாமல் ஓடியது, புள்ளிகள் பாதி இல்லை. செக்குபந்தி வரிகளை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, விரல் வைத்து வைத்துப் படிக்க வேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் இருந்தது: கிழமேல் பத்தடி, தென்வடல் அறுபத்திரண்டு அடி கொண்ட பொதுத் தடத்தை இரு திறத்தாரும் அவரவர் வாரிசுகளும் ஆள் நடக்கவும் வண்டி ஓட்டிப் போகவும் என்றென்றைக்கும் பொதுவில் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அதில் யாரும் அடைப்போ கட்டடமோ செய்யக் கூடாது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாத்தா கைநாட்டு வைத்திருந்தார். அதையும் நகலில் குறித்திருந்தார்கள்.

பிறகு அண்ணாவின் 2016 பத்திரத்தையும் நகல் போட்டோம். அப்போதுதான் விஷயம் புரிந்தது. விற்றவர் சதுர அடிக் கணக்கில் தடத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருந்தார். அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் அண்ணா பணம் கொடுத்திருக்கிறார். "இது என்ற இடம்" என்று அவர் சொன்னது வீம்பில்லை. அவர் பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் விற்றவருக்கே தனியாக இல்லாத பாத்தியத்தை அவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. பட்டாவையும் நில வரைபடத்தையும் காட்டி வாதாடலாம் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் வரைபடத்தில் தடம் தனியாகப் பிரிக்கப்படவே இல்லை. இந்த மாதிரி உள்தடத்துக்குக் கடைசியில் நிற்பது பத்திரத்து வாசகம்தான்.

பத்திரம் கிடைத்த தெம்பில் வக்கீலம்மாவிடம் போனேன். அவர் படித்துவிட்டு, "வழி உங்களுக்கு உண்டு. இருபது வருஷம் நடந்தோம்னு சாட்சி வெச்சு நிரூபிக்க வேண்டிய வேலைகூட இல்லை. ஆனா இதுல எங்கேயாவது நிறுத்திக்கலாம்னு இருக்குதா, பாருங்க" என்றார்.

இல்லை. நடக்கவும், ஓட்டிப் போகவும். அவ்வளவுதான்.

1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தை, ஈஸ்மென்ட் ஆக்ட் என்பார்கள், எடுத்து 28, 29ஆம் பிரிவுகளைக் காட்டினார். ஒரு வகை வழியுரிமை இன்னொரு வகைக்குச் செல்லாது. தன் சொத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டு, வழியின் பாரத்தைப் பெரிதாக ஏற்றவும் முடியாது. நம்முடையது பொதுவில் உள்ள தடம், முழுக்க அந்தச் சட்டத்துக்குள் வராது, ஆனாலும் கோர்ட் இந்தக் கண்ணோடுதான் பார்க்கும் என்றார். குடியிருக்கிற இரண்டு வீட்டுக்கு என்று விட்ட தடம் அது. தினம் நாற்பது வண்டி நிற்கிற இடமாக அதை மாற்றியது நான்தான். இதைக் கேட்டு முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் வக்கீல் ஏன் அவருக்காகப் பேசுகிறார் என்று. இரண்டு நாள் ஆனது மனசு ஆற.

"அவர் புகாரை ரெண்டாப் பிரிங்க. வழி பத்தினது ஒண்ணு, தொழில் பத்தினது ஒண்ணு. தொழில் பத்தினதுல எது உண்மையோ அதை முதல்ல நீங்களாவே சரி பண்ணுங்க, அப்புறம் வழியைப் பேசலாம்" என்றார் வக்கீலம்மா. எனக்கு யாரும் தந்த யோசனைகளில் இதுதான் பெரியது. தொழில் உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். அதைவிடப் பயந்தது கரண்டுக்கு. வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவில் உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடலாம். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குக் கணக்கிடலாம். யாரும் வந்து பிடிப்பதற்கு முன்னால் மின்வாரிய செக்ஷன் ஆபீசுக்கு நானே போய், கிரைண்டருக்குத் தனி சர்வீஸ் கேட்டு எழுதிக் கொடுத்தேன். கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் பேட் வைத்தோம். நாலு மணிக்கு ஆரம்பிக்கிற அரைப்பை மதியத்துக்கு மாற்றினேன். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு, பகலில் 55. நாலு மணிக்கு அந்த மோட்டார் எப்படி இருந்திருக்கும் என்று அவர் படுக்கையறைச் சுவரின் மறுபக்கம் நின்று கேட்டபோதுதான் தெரிந்தது.

சமரசப் பேச்சு மூன்று அமர்வு. முதல் அமர்வில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பத்திர நகலைக் கொடுத்ததும் அவர் கண்ணாடியைப் போட்டு அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தார். "எனக்கு இதை யாருமே காட்டலீங்களே" என்று சமரசரைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டாவது அமர்வுக்கு அண்ணாவின் மனைவியான அக்காவும் வந்திருந்தார். பேசினது அவர்தான். நவம்பரில் ஒரு சாயங்காலம் அவருக்குத் தலை சுற்றி, வேர்த்துக் கொட்டியிருக்கிறது. காரை எடுக்க அண்ணா ஓடி வந்திருக்கிறார். ஷெட்டுக்கு முன்னால் ஏழு வண்டிகள். "மாவுக்காரம்மா, வண்டியெல்லாம் எடுக்கச் சொல்லும்மா"ன்னு கத்தினாராம். உள்ளே எடை போட்டுக்கொண்டிருந்த நான், "ஒரு நிமிஷம்ங்க அண்ணா" என்றேனாம்.

சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். தினம் இருபது தடவை சொல்கிற வார்த்தை அது. வண்டி எல்லாம் விலகப் பத்து நிமிஷம் ஆயிற்றாம். அதற்கு அடுத்த வாரம்தான் கேட்டுக்கு அளவெடுத்திருக்கிறார்கள். நான் எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கே வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் பேச்சு சுலபமாயிற்று. பாதிப் பாதி போட்டு 3,000 ரூபாயில் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்தோம். சுண்ணாம்புக் கோடு போட்டபோது, அவர் கேட் தூண் ஆறு அங்குலம் தடத்துக்குள் இருந்தது. எங்கள் துணி துவைக்கிற கல் ஒன்பது அங்குலம். அது அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கே கிடக்கிற கல். அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை எடுக்கச் சொன்னார்.

எழுதிக்கொண்டது இதுதான்: கேட் இருக்கலாம், பூட்டக் கூடாது. தடத்தில் யாருடைய வண்டியும், அவர் காரும் சேர்த்து, நிற்கக் கூடாது. மாவு வாங்க வருபவர்கள் வண்டியை வீதியில் விட்டு நடந்து வரலாம். கழுவுகிற தண்ணீர் எங்கள் சுவரோரமாகப் பைப்பில் போய்ச் சாக்கடையில் விழ வேண்டும். கிரைண்டர் காலை 6க்கு முன்னும் ராத்திரி 10க்குப் பின்னும் ஓடக் கூடாது. தடத்தைப் பராமரிக்கிற செலவு சரிபாதி. 2024 செப்டம்பரில் நடந்த மக்கள் நீதிமன்றத்தில் இதைத் தீர்ப்பாகப் பதிந்து கொடுத்தார்கள். சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துப் பார்க்க நேரம் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், கொடுத்தார்கள். "வாகனம் நிறுத்தக் கூடாது" என்ற வரியில் எங்கள் எக்ஸ்.எல்.லில் சரக்கு ஏற்றும் ஐந்து நிமிஷம் வருமா என்று கேட்டு, அதையும் தெளிவாக எழுத வைத்தோம்.

நஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வீதியில் நிறுத்தி நடந்து வர அலுத்துக்கொண்டு பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதைச் சரிக்கட்ட மளிகைக் கடைகளைத் தேடிப் போனேன். ஆறு கடை இருந்தது, இப்போது பதினாலு. தனி சர்வீஸ் வந்ததில் கரண்ட் பில் கூடுதல்தான்.

போன மாதம் அண்ணா வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். மகள் பெங்களூரில் இருக்கிறாள், அங்கே போகிறார்களாம். வீடு பார்க்க ஒரு குடும்பம் வந்தபோது நான் தடத்தில் பாக்கெட் ஏற்றிக்கொண்டிருந்தேன். வந்தவர்களை வீட்டுக்குள் கூட்டிப் போவதற்கு முன்னால் தடத்தின் வாயிலேயே நிறுத்தி, மக்கள் நீதிமன்றத் தீர்ப்பையும் அறுபத்தெட்டாம் வருடப் பத்திரத்தின் நகலையும் அவர் எடுத்து நீட்டினார். "இந்தப் பத்தடி ரெண்டு வீட்டுக்கும் பொதுங்க. முதல்ல இதைப் படிங்க, அப்புறம் வீட்டைப் பாருங்க."