இறக்கிய கை

எங்கள் வகுப்பாசிரியர் சேர் காலமான செய்தியை அறிவித்த கையோடு பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளையினர் நினைவு மலருக்குக் கட்டுரையும் கேட்டார்கள். பெரிய மணியைப் பற்றியும் விடுதிப் புட்டைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வந்த எனக்கு, எழுத இருப்பது ஒரேயொரு பாடவேளைதான்.

அது 1973ஆம் ஆண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வெட்டுப்புள்ளி வைத்த தரப்படுத்தலின் முதற் சுற்றில் மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளி போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. அந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிக் கோடிழுத்த சேர், இந்த அநீதி யார் யாரைத் தாக்கும், கையை உயர்த்துங்கள் என்றார். வகுப்பே உயர்த்தியது. கடைசி வாங்கிலிருந்து நானும் உயர்த்தினேன்.

“நீ கையை இறக்கு, ராசா. முதல்ல பிரசையாகு, பிறகு பாப்பம்.”

அவர் குரலில் ஏளனம் இருக்கவில்லை; பிழையான விடையைத் திருத்துவதுபோலத்தான் சொன்னார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் என் தகப்பனாரை எந்த நாட்டுக்கும் உரியவராக விட்டுவைக்காததால், அவர் சொன்னது சரியும்கூட. வகுப்புத்தான் சிரித்தது. ‘தோட்டக்காட்டான்’ என்ற பெயர் அன்று மாலை எனக்கு முன்னரே விடுதிக்கு வந்து சேர்ந்திருந்தது. (சூட்டியவர்களில் இருவராவது இந்த மலரைப் படிப்பார்கள், நலமாயிருக்கிறீர்களா?)

1974 ஜனவரி 10 இரவு, தமிழாராய்ச்சி மாநாட்டின் முடிவில் வீரசிங்கம் மண்டப முன்றலில் உயிர்கள் போனபோது விடுதியே அழுதது. நானும் அழுதேன், அப்போது யாரும் என்னை விலகி நிற்கச் சொல்லவில்லை. அதே மாதக் கடைசியில், தோட்டத் தமிழரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பிரித்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் முடிவு செய்யாமல் விட்டிருந்த 150,000 பேரை இரு நாட்டுப் பிரதமர்களும் ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டுக்கொண்டார்கள். அதைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒருவரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் குடும்பம் முன்னரே இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு விலகிய நாளில்தான், மூன்று தவணை விடுதிக் கட்டணம் சேரின் சட்டைப் பையிலிருந்து போயிருந்ததை லிகிதர் எனக்குச் சொன்னார். விடுகைப் பத்திரத்தை வகுப்பாசிரியர் என்ற முறையில் சேரே நிரப்பித் தந்தார். தலைமன்னாரில் கப்பலேறிய பிறகுதான் அதைப் பிரித்துப் பார்த்தேன். இனம் என்ற இடத்தில், அவருடைய சாய்ந்த எழுத்தில், ‘இலங்கைத் தமிழர்’ என்றிருந்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் அதைக் கடவுச்சீட்டுடன் ஒப்பிட்ட அலுவலர், சிவப்பு மையால் ‘இலங்கை’யை வெட்டினார்.

அது கைத்தவறுதானா என்று கோத்தகிரியிலிருந்து சேருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். முகவரி மனப்பாடமாகவே இருந்தது.