தண்டல்காரர் முந்திக்கொள்கிறார்

வங்கி வட்டி 11 சதவீதம்தான் என்று சொன்னால் பூ மார்க்கெட்டில் யாரும் அசைந்து கொடுக்க மாட்டார்கள். மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் சிறுகடன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் வந்த புதிதில் எனக்கு இது புதிராக இருந்தது. பயிற்சி வகுப்பில் எல்லாமே வட்டி விகிதத்தைச் சுற்றித்தான் ஓடியது. பூ விற்கும் அக்காக்களுக்கோ, பணம் எந்த நேரத்தில் கைக்கு வரும், எப்படித் திரும்பக் கேட்பார்கள் என்பதுதான் முதல் கவலை. வட்டி அதற்கு அப்புறம்தான்.

அவர்கள் வாங்குவது தண்டல், அதாவது தனியாரிடம் வாங்கித் தினம் தினம் கட்டும் கடன். அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். பேருக்கு 10,000 ரூபாய். கையில் கிடைப்பது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே மேடம் போகுது" என்பார்கள். முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 120 சதவீதம். காலையில் 900 வாங்கி இருட்டுவதற்குள் 1,000 கொடுப்பது இதைவிடக் கொடுமை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. சட்டம் வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. தண்டல்காரரின் டூவீலர் இன்னும் விடிவதற்கு முன்பே வந்து நிற்கிறது.

அவரை நல்லவராக்க நான் இதைச் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் அவர் பேசும் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் சரக்கு எடுக்கும் நேரத்தில், சரக்கு எடுக்கும் இடத்தில் அவர் பணத்தோடு இருக்கிறார். நாங்கள் ஷட்டரைத் தூக்குவது பத்து மணிக்கு. அதற்குள் மார்க்கெட்டில் முக்கால்வாசி வியாபாரம் முடிந்துவிடும். அவருக்குத் தினம் நூறு கொடுத்தால் போதும். எங்களுக்கு மாதம் ஒரு தேதியில் மொத்தமாக வேண்டும். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்கும் வீட்டில் ஐந்தாம் தேதிக்கென்று இரண்டாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்துவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது, மாதச் சம்பளக்காரர்களான எங்களுக்குப் புரிவதில்லை.

இத்தனைக்கும் தினசரி வசூல் வங்கிகளுக்குத் தெரியாத வித்தை இல்லை. சிண்டிகேட் வங்கி 1928லேயே பிக்மி டெபாசிட் என்று தொடங்கி, வீடு வீடாகப் போய் தினம் இரண்டணா வாங்கியது. சேமிப்பை வாங்க நம்மால் தெருவில் இறங்க முடிந்திருக்கிறது. கடன் விஷயத்தில் மட்டும் அவர்கள்தான் கவுன்டருக்கு வரவேண்டும் என்று இருந்துவிட்டோம்.

விதிகள் இப்போது தாராளமாகத்தான் இருக்கின்றன. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லிவிட்டது. 2015இல் முத்ரா என்ற சிறுதொழில் கடன் திட்டம் வந்தது. 50,000 ரூபாய் வரைக்கும் அதில் 'சிசு' கடன். கொரோனா சமயத்தில், 2020 ஜூனில், தெருவோர வியாபாரிகளுக்காகவே ஸ்வநிதி வந்தது. முதலில் 10,000, ஒழுங்காகக் கட்டினால் 20,000, அப்புறம் 50,000 என்று இருந்தது; 2025இல் முதல் இரண்டும் 15,000, 25,000 ஆகிவிட்டன. வட்டியில் 7 சதவீதம் மானியம். இவ்வளவு இருந்தும் "ஷ்யூரிட்டிக்கு யாராவது அரசாங்க வேலையில் இருக்காங்களா?" என்று கேட்கும் வாய் எங்கள் ஆட்களுக்கு இன்னும் மூடவில்லை. ஒரு கிளையில் முத்ரா மனுவோடு வந்தவரிடம் நகை இருக்கிறதா என்று கேட்டு, கடைசியில் நகைக்கடனாகவே முடித்து அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். நகையை லாக்கரில் வைத்துவிட்டால் அதிகாரிக்குத் தூக்கம் வரும். அது எனக்கும் தெரியும்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி, கணக்கே இல்லாத கடையின் கணக்கைக் கண்டுபிடிப்பது. சிறுதொழில் கடனுக்காக ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டி காட்டிய வழிப்படி, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனமாக, அதாவது அன்றாடம் தொழிலை ஓட்டத் தேவையான பணமாக, கொடுக்கலாம். சூத்திரம் சுலபம். விற்பனை எவ்வளவு என்று யார் சொல்வது? இட்லிக்கடை அம்மாவிடம் கேட்டால் "ஏதோ ஓடுது" என்பார். அதனால் வேறு மாதிரி கேட்கவேண்டும். பத்தொன்பது கிலோ சிலிண்டர் ஒன்று எத்தனை நாள் வருகிறது? அரிசி எத்தனை படி ஊறவைக்கிறீர்கள்? பார்சல் கவர் கட்டு வாரத்துக்கு எத்தனை? வருமானத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்பவர்கள்கூட சிலிண்டர் கணக்கில் பொய் சொல்வதில்லை. அதை யாரும் வருமானமாக நினைப்பதில்லை. அப்புறம் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தால் போதும். "அந்தக் கடையா? ஒன்பது மணிக்கே மாவு தீர்ந்துடுமே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எந்த ஆடிட்டர் சான்றிதழும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை.

பூ இன்னும் சிக்கலானது. பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும். வெயில் காலத்தில் அதே மல்லிகை சில நூறுக்கு இறங்கிவிடும். விற்கும் முழம் அதேதான், போடவேண்டிய முதல் பல மடங்கு மாறுகிறது. தையில் முகூர்த்தம் நெருங்கும்போதுதான் பணம் அதிகமாக வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை, கோயில் உண்டு. இந்த ஏற்ற இறக்கம் எதுவும் எங்கள் தவணை அட்டவணையில் கிடையாது. பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை. 90 நாள் பாக்கி நின்றால் வாராக்கடன்.

தவணையைச் சின்னச் சின்னதாக வாங்க ஒரு வழி செய்துபார்த்தோம். கிளையோடு இணைந்த வங்கி முகவர் ஒருவர் கைக்கருவியோடு மார்க்கெட்டுக்குள் போய், கொடுக்கிறதை வாங்கி அவரவர் சேமிப்புக் கணக்கில் போடுவார். தவணைத் தேதியில் அங்கிருந்து தானாகக் கழிந்துவிடும். புத்தகத்தில் அது மாதத் தவணைதான், கட்டுபவருக்குத் தினக்கட்டு. முகவர் ஊருக்குப் போன வாரங்களில் வசூல் படுத்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும். மாற்று ஆள் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

கடனே கூடுதலாகப் போய்விடும் ஆபத்தும் உண்டு. மகளிர் குழுக்கடன் கொடுக்கும் நிறுவனங்கள் ஒரே தெருவில் நாலைந்து இருக்கின்றன. நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதித்தது. நல்ல விதிதான். ஆனால் வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றுப் பதிவான சிபிலில் தண்டல் தெரியாது. வீட்டின் மிகப் பெரிய கடனை விட்டுவிட்டுத்தான் கணினி பாதியைக் கணக்கிடுகிறது. அதனால் நேராகவே கேட்பேன், "தண்டல் எவ்வளவு ஓடுதுக்கா?" முதல் சந்திப்பில் பதில் வராது. இரண்டாவது டீயில் வரும். எங்கள் கடனில் பெரும்பகுதி அந்தத் தண்டலை அடைக்கத்தான் போகப்போகிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும். சரக்கு வாங்கத்தான் கடன், பழைய கடனை அடைக்க அல்ல என்று ஆய்வுக்கு வருபவர்கள் கோபிப்பார்கள். 120 சதவீதக் கடனை 11 சதவீதக் கடனால் அடைப்பதைவிட லாபமான முதலீடு அந்தக் கடைக்கு வேறு என்ன இருக்கிறது?

இப்போது க்யூஆர் அட்டை வந்தபிறகு வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது. தள்ளுவண்டிக்கும் ஸ்டேட்மென்ட் வந்துவிட்டது. கமிஷன் கடைக் கணக்கு இன்னும் நோட்டிலும் ரொக்கத்திலும்தான் ஓடுகிறது என்றாலும், சில்லறை விற்பனையில் ஒரு பகுதியாவது கண்ணுக்குத் தெரிகிறது. சிக்கல், பல வண்டிகளில் ஒட்டியிருக்கும் அட்டை மகன் பேரில் இருக்கிறது. அம்மா உழைக்கிறார், வரவு மகனுடைய கணக்கில் ஏறுகிறது, கடன் மனு போடும்போது அம்மாவின் பாஸ்புக் காலியாகக் கிடக்கிறது. ஆகவே இந்த ஆண்டு மனுப் படிவம் கொடுப்பதற்கு முன்னால் வண்டிவண்டியாகப் போய் அட்டையை அவரவர் பேருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். சில மகன்களுக்கு எங்கள் மேல் வருத்தம்தான்.