சந்தைக் கொட்டகையில் கிராம சபை

காந்தி ஜெயந்தியன்று எங்கள் ஊர் கிராம சபைக்குப் போயிருந்தேன். சந்தைக் கொட்டகையில், வாழைத்தார் இறக்கும் மேடைமேல் நாற்காலி போட்டிருந்தார்கள். 10,000 பேருக்கு மேல் உள்ள ஊராட்சி, அதனால் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நூறு நாள் வேலை அக்காக்கள் இல்லாவிட்டால் பாதிகூடத் தேறியிருக்காது. வரவு செலவைக் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனார்கள். அப்போதுதான் கீரை விற்கும் பாட்டி எழுந்தார்.

"தம்பி, வாரம் தவறாம சுங்கம் வாங்குறீங்க. பொம்பளைங்க ஒதுங்க ஒரு கக்கூஸ் இருக்கா இங்க?"

கொட்டகையே கப்சிப். அப்புறம் அதைத் தீர்மானமாக எழுதினார்கள். உரக்கப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பாட்டி கைநாட்டு வைத்தார். நானோ வந்தவுடனேயே, படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அடுத்த சபை நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று. சீக்கிரமே போய்ப் பாட்டி பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும்.