பையில் இருக்கும் நவிகோவோடு பாரிசைத் தாண்டிப் போக

பாரிசுக்கு வந்து பத்துப் பதினைந்து வருடமாகியும் வேலைத்தலம், தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நகரசபை என்ற வட்டத்தைத் தாண்டாத குடும்பங்கள் நம்மவரிடையே நிறைய உண்டு. ஊரிலிருந்து யாராவது வந்தால் ஈபிள் கோபுரமும் ஒரு படகுச் சவாரியும், அதோடு சரி. நேரமில்லை, காசில்லை என்பார்கள். நேரம் கிடைக்காதது உண்மைதான். ஆனால் பொதுப் போக்குவரத்துக்கான மாத நவிகோ அட்டை போடுகிறவர், சுற்றிப் பார்ப்பதற்கான செலவில் பெரும்பங்கை ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டார்.

2015 செப்டெம்பரிலிருந்து எல்லாக் கட்டண வலயங்களுக்கும் செல்லும் முழு வலய நவிகோ ஒரே விலைதான். அது பாரிசையும் சுற்றுப்புறத்தையும் கொண்ட இல்-து-பிரான்ஸ் மாகாணம் முழுவதும் செல்லும். பொந்தென்புளோ, ப்ரொவான், ரம்புயே, மோ, ஓவேர்-சுர்-உவாஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த விலையிலும் பாதியை முதலாளி சம்பளத்தோடு தரவேண்டும் என்பது சட்டம். சம்பளச் சீட்டில் அது வந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இரண்டு மூன்று வலயத்துக்கு மட்டும் மாத அட்டை போடுபவருக்கும் சனி, ஞாயிறு, அரச விடுமுறை நாட்களில் எல்லா வலயமும் திறந்தே இருக்கும்.

விருந்தாளிகளுக்கு வார நவிகோ எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு கவலைப்படுபவர்கள் உண்டு. வார அட்டை திங்கள் தொடங்கி ஞாயிறோடு முடிந்துவிடும். வியாழக்கிழமை வந்திறங்குபவருக்கு அதனால் பெரிய இலாபமில்லை. 2025 ஜனவரியில் வந்த மாற்றம் அவர்களுக்கு நல்லது: மெட்ரோ, ரயில் தனிப் பயணச்சீட்டுக்கு மாகாணம் முழுவதும் ஒரே விலை. அப்போது 2.50 யூரோ, பிறகு சில சதம் ஏறியிருக்கிறது. பாரிசுக்குள் இரண்டு தரிப்பு போனாலும், எண்பது தொண்ணூறு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ப்ரொவானுக்குப் போனாலும் அதே சீட்டுத்தான். விமான நிலையங்களுக்கு மட்டும் இது செல்லாது. பஸ்ஸுக்கும் டிராமுக்கும் வேறு சீட்டு வேண்டும். தனிச் சீட்டுகளை ஏற்றும் நவிகோ ஈசி அட்டை ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். ஒரே அட்டையை இரண்டு பேருக்கு இரண்டு முறை தட்டிவிட்டுப் போனால் பரிசோதகரிடம் தண்டம் கட்ட நேரும்.

எல்லை எங்கே முடிகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆர்.இ.ஆர். என்ற புறநகர் விரைவு ரயிலின் டி (D) வழித்தடம் ஷாந்திக்கும் போகிறது, ஆனால் நவிகோ அதற்கு முந்தைய ஒரி-லா-வில் நிலையத்தோடு நின்றுவிடும். புறநகர் ரயிலின் பி (P) வழித்தடம் ஷாத்தோ-தியெரி வரை ஓடினாலும் அந்த ஊர் மாகாணத்துக்கு வெளியே இருக்கிறது. ரயில் வழக்கமான புறநகர் ரயில் போலவே இருப்பதால் இறங்கும்போதுதான் பலருக்கு விஷயம் தெரியவரும்.

முதலில் போகவேண்டிய இடம் தூரத்தில் இல்லை. பொபினி, டிரான்சி, லா கூர்னேவ் பக்கம் இருப்பவர்கள் ஏறி இறங்கும் அதே டி1 டிராம் 'பசிலிக் து சான்-தெனி' தரிப்பில் நிற்கிறது. மெட்ரோ 13ம் அங்கே வருகிறது. சந்தைக்கு வந்து மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்புகிற நம்மவர் பலர், பக்கத்திலிருக்கும் அந்தத் தேவாலயத்துக்குள் காலடி வைத்ததில்லை. பிரான்சை ஆண்ட அரசர்களில் பெரும்பாலோர் புதைக்கப்பட்டது அங்கேதான். மடாதிபதி சூஜே 1140க்கும் 1144க்கும் இடையில் கட்டிய அதன் கிழக்குப் பகுதியிலிருந்துதான் கோதிக் கட்டடக்கலை தொடங்கியதென்று சொல்லுவார்கள். சுவர் தாங்கவேண்டிய பாரத்தைத் தூண்களும் கூரை விலா வளைவுகளும் எடுத்துக்கொண்டதால், சுவர் இருந்த இடத்தில் கண்ணாடி வைக்க முடிந்தது. காலை வெயில் நேரத்தில் போனால் அந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியும்.

முன்மண்டபத்துக்குக் கட்டணமில்லை. கல்லறைப் பகுதிக்கு உண்டு. அதைக் கொடுத்து உள்ளே போவது வீண் போகாது. படுத்த நிலையில் செதுக்கிய 70க்கும் மேற்பட்ட சிலைகள் இருக்கின்றன. அரசர்களின் காலடியில் சிங்கமும் அரசிகளின் காலடியில் நாயும் பெரும்பாலும் இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவற்றைத் தேடவிடுங்கள். பன்னிரண்டாம் லூயியின் கல்லறையில் நிறைய நேரம் நில்லுங்கள். மேலே அவரும் அரசி ஆனும் முழந்தாளிட்டு வணங்குகிறார்கள். கீழே அதே இருவரும் உயிரற்ற வெற்றுடலாகக் கிடக்கிறார்கள். பதப்படுத்துவதற்காக வயிற்றைக் கிழித்துத் திரும்பத் தைத்த தையல்கூடக் கல்லில் தெரியும். 1793ல் புரட்சிக்காரர் இந்தக் கல்லறைகளைத் திறந்து எலும்புகளைக் குழியில் போட்டார்கள். சிலைகள் தப்பியதற்குக் காரணம் அலெக்சாந்தர் லெனுவார், அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோய் ஓர் அருங்காட்சியகத்தில் வைத்தார். ஞாயிறு காலையில் பூசை நடப்பதால் கல்லறைப் பகுதி மதியத்துக்குப் பிறகுதான் திறக்கும்.

தேவாலயங்களுக்குள் போகக் காசு கேட்காததற்கு 1905ம் ஆண்டுச் சட்டம் பின்னணி. அதன்படி பழைய கதீட்ரல்கள் அரசின் சொத்து, மற்றப் பழைய கோவில்கள் ஊர்ச்சபையின் சொத்து. வழிபாட்டிடத்துக்குள் வர எவரிடமும் கட்டணம் வாங்க முடியாது. கோபுரம் ஏற, நிலவறை பார்க்க, பொக்கிச அறை பார்க்க மட்டும் கட்டணம்.

அரும்பொருட் காட்சியகங்களில் நம்மவர் அதிகம் தவறவிடுவது வதிவிட அட்டையின் பலனைத்தான். 18 வயதுக்கு உட்பட்டவருக்குத் தேசிய அருங்காட்சியகங்கள் இலவசம் என்பது பலருக்குத் தெரியும். 25 வயது வரைக்கும் இலவசம் என்பதும், அதற்குப் பிரெஞ்சுக் குடியுரிமை தேவையில்லை, இங்கே முறையாக வசிப்பதே போதும் என்பதும் தெரியாமல் பிள்ளைகளுக்கு முழுச்சீட்டு வாங்குகிறார்கள். வேலையில்லாமல் பதிந்திருப்பவரும் ஆர்.எஸ்.ஆ. என்ற அரச வருமான உதவி பெறுபவரும் அண்மையில் எடுத்த அத்தாட்சிக் கடிதத்தைக் காட்டினால் பல இடங்களில் கட்டணம் கிடையாது. 2026 ஜனவரி 14லிருந்து லூவ்ரில் ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு 32 யூரோ, வலயத்துக்குள் வசிப்பவருக்கு 22. ஆகவே கடவுச்சீட்டு இலங்கையோ இந்தியாவோ, கையில் வதிவிட அட்டையைக் கொண்டுபோங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஒர்சே அருங்காட்சியகம், ஆசியக் கலைக்கான கீமே அருங்காட்சியகம் இரண்டும் எல்லாருக்கும் இலவசம். கீமேயை விடாதீர்கள். சோழர் காலத்து நடராசர் வெண்கலச் சிலை அங்கே இருக்கிறது. திருவாசியின் சுடர்களையும் விரிந்த சடையையும் நாலு பக்கமும் சுற்றிவந்து கிட்டப் பார்க்கக் கோவிலில் வாய்ப்புக் கிடைக்காது. வேர்சாய் அரண்மனைக்கு இந்த முதல் ஞாயிறு இலவசம் நவம்பர் முதல் மார்ச் வரைதான். கிழமை பார்ப்பதும் முக்கியம்: லூவ்ர், கீமே, பொந்தென்புளோ செவ்வாயில் பூட்டு, ஒர்சே, வேர்சாய் திங்களில் பூட்டு. உணவகத்தில் வேலை செய்து திங்கள் செவ்வாய் லீவு கிடைப்பவர்கள் இதை நெஞ்சில் எழுதி வைக்கவேண்டும்.

வேர்சாயின் நெரிசலில் ஒரு நாளைக் கழிப்பதைவிடப் பொந்தென்புளோவுக்குப் போகலாம் என்பதே எங்கள் துணிந்த கருத்து. கார் து லியோன் நிலையத்திலிருந்து ஆர் (R) ரயில், சுமார் 40 நிமிடம். கீழே ஓடும் ஆர்.இ.ஆர். டியில் ஏறினால் மெலானோடு நின்றுவிடும். ஆர் ரயில் மேலே, நெடுந்தூர ரயில்கள் நிற்கும் மேடையிலிருந்து புறப்படும். பொந்தென்புளோ-ஆவோனில் இறங்கி அரண்மனைக்குப் பஸ் எடுக்கவேண்டும். நவிகோ அதற்கும் செல்லும். உள்ளே முதலாம் பிரான்சுவாவின் நீள மண்டபம் இருக்கிறது. சுதை வேலையும் ஓவியமும் கலந்த அந்த அலங்காரத்தை இத்தாலியிலிருந்து வந்த ரோசோ செய்தார். அரசரின் சின்னமான நெருப்புப் பல்லியைச் சுவரெங்கும் காணலாம். நெப்போலியனின் சிம்மாசனம், வைத்த அறையிலேயே இன்றும் இருக்கிறது. 1814 ஏப்ரல் 20ல் அவர் காவற்படையிடம் விடைபெற்றது முன்முற்றத்து லாடவடிவப் படிகளில். தோட்டங்களுக்குக் கட்டணமில்லை.

ப்ரொவானுக்குக் கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து பி (P) ரயில், கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். 12ம், 13ம் நூற்றாண்டுகளில் ஷம்பாஞ் வணிகச் சந்தைகளால் செழித்த ஊர், கோட்டை மதில் அப்படியே நிற்கிறது. நிலையத்திலிருந்து மேலூருக்கு ஏற்றம்; முழங்கால் நோவுள்ள பெரியவர்களை நடக்கவைக்காதீர்கள். ஓவேரில் ஓவியர் வான்கோவும் தம்பி தெயோவும் பக்கத்துப் பக்கத்தில் புதைக்கப்பட்ட கல்லறை, வான்கோ வரைந்த கோவில், கோதுமை வயல் எல்லாம் நடை தூரத்தில்.

நவிகோ எல்லைக்கு வெளியே முதல் பயணமாக ஷார்த்ரைச் சொல்லுவோம். பாரிசின் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. 1194 தீவிபத்துக்குப் பிறகு எழுந்த கதீட்ரலின் வண்ணக் கண்ணாடிகளில் பெரும்பகுதி 13ம் நூற்றாண்டினது. அவற்றைப் பொதுவாகக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். கீழ்க் கட்டங்களில் வெதுப்பகக்காரர், சப்பாத்துத் தைப்பவர், இறைச்சி வெட்டுபவர், தச்சர் என்று உழைப்பாளிகள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஒரு சின்னத் தொலைநோக்கி கொண்டுபோனால் அவர்களின் கைக்கருவிகள்கூடத் தெரியும். தரையிலிருக்கும் சுருள்பாதையை வழக்கமாகக் கதிரைகள் மறைத்திருக்கும். தபசு காலம் தொடங்கி இலையுதிர்காலம் வரை வெள்ளிக்கிழமைகளில் அவற்றை எடுத்துவிடுவார்கள்.

சின்ன ஊர்களில் பயணம் கெடுவது மதியச் சாப்பாட்டில்தான். சமையலறை பகல் 12க்குத் திறந்து 2 மணிக்கு மூடிவிடும், அதற்குப் பிறகு கெஞ்சினாலும் கிடைக்காது. சுற்றுலா அலுவலகமும் சிறு காட்சியகங்களும் அதே நேரத்தில் பூட்டியிருக்கலாம். ஒன்றில் 12க்கே உட்காருங்கள், அல்லது காலையிலேயே பாண்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. சாப்பிடுபவர் கராஃப், அதாவது ஒரு குடுவை குழாய்த் தண்ணீர், கேட்டால் உணவகம் இலவசமாகத் தரவேண்டும். சனி ஞாயிறுகளில் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திப் பஸ் விடுவதும் அடிக்கடி நடக்கும். முதல்நாள் இரவே செயலியில் போகும் ரயிலோடு திரும்பும் கடைசி ரயிலையும் பார்த்துவைக்கவேண்டும்.

தூர ஊர்களுக்கு ட்டி.ஜி.வி. அதிவேக ரயில் சீட்டை விற்பனை திறந்தவுடன் வாங்குவதுதான் மலிவு. இருக்கை நிறைய நிறைய விலை ஏறும். வருடத்துக்கு 49 யூரோ கட்டும் சலுகை அட்டை 30 வீதம் குறைக்கும், குடும்பமாகப் போனால் ஒரே பயணத்தில்கூட அந்தக் காசு திரும்பிவிடலாம். ஸ்திராஸ்பூர்க் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே டி டிராம் ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகருக்குப் போகிறது, சாமான் மலிவென்று எல்லாரும் ஏறுவார்கள். வதிவிட அட்டைக்கான முதல் விண்ணப்பத்துக்குக் கொடுத்த ரிசிப்பிசே (தற்காலிகப் பற்றுச்சீட்டு) மட்டும் கையிலிருப்பவர் எல்லை தாண்டக்கூடாது. அது பிரான்சுக்குள் இருப்பதற்கான தாள். பாலத்துக்கு அப்பால் பொலிஸ் பரிசோதித்தால் செல்லாது. அவர்கள் ஆற்றின் இந்தக் கரையில், போர் து ரான் தரிப்பிலேயே இறங்கிவிடலாம்.