கெடு தெரிந்தவனிடம் என்ன பேரம் பேசுவது?

ஒரு பழைய பிரஸ் மீட் வீடியோ இருக்கிறது, வருடத்துக்கு ஒரு முறையாவது தேடிப் பார்த்துவிடுவேன். 2003 ஜனவரி கடைசி. லீட்ஸ் யுனைடெட் என்கிற இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பின் தலைவர் பீட்டர் ரிட்ஸ்டேல், தன் ஆட்டக்காரர் ஜொனாதன் வுட்கேட்டை நியூகாசில் கிளப்புக்கு ஏன் விற்க வேண்டியதாயிற்று என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே மேனேஜர் டெர்ரி வெனபிள்ஸ். அவர் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்ட விற்பனை அது. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. "இவ்வளவு செலவு செய்திருக்கக் கூடாதுதான், ஆனாலும் அந்தக் கனவை வாழ்ந்து பார்த்தோம்" என்கிற பொருளில் ரிட்ஸ்டேல் சொன்னது அந்த மேஜையில்தான். இங்கிலாந்தில் இன்றும் ஒரு கிளப் கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்தால் அந்த வாக்கியத்தைத்தான் இழுப்பார்கள்.

நான் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். அதனால் கோல் எண்ணிக்கையோடு சேர்த்து கிளப்புகளின் வருடாந்திரக் கணக்கையும் படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. நண்பர்கள் "கடன் இருக்கு, வித்துட்டாங்க, அவ்வளவுதானே" என்பார்கள். அவ்வளவு இல்லை. கடன் இல்லாத பெரிய கிளப் அபூர்வம். எனக்குத் தோன்றுவது இதுதான்: ஆட்டக்காரரை வெளியே தள்ளுவது கடனின் அளவைவிட அதன் கெடு. அந்தக் கெடு எதிராளிக்கும் தெரிந்துவிட்டால் முடிந்தது கதை.

லீட்ஸையே எடுத்துக்கொள்வோம். 2000 நவம்பரில் ரியோ ஃபெர்டினாண்டை 1.8 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள், அன்றைக்கு அது பிரிட்டிஷ் சாதனை விலை. 2001 மே மாதம், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதுகிற சாம்பியன்ஸ் லீகின் அரையிறுதியில் நின்றார்கள். அப்புறம் ஸ்டேடியத்தின் வருங்கால டிக்கெட் வசூலைக் காட்டி 6 கோடி பவுண்டு கடன், 25 வருடத் தவணை. வருடா வருடம் சாம்பியன்ஸ் லீக் பணம் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் எல்லாம் நடந்தது. 2001இல் லீகில் நாலாவது இடம், மூன்றாவது வந்த லிவர்பூலுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால். அந்த ஒரு புள்ளியில் சாம்பியன்ஸ் லீக் போனது. அடுத்த வருடம் ஐந்தாவது இடம். வராத பணத்துக்குச் சம்பளம் மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டிருந்தது. (தலைவர் அறையில் வாடகைக்கு வைத்திருந்த தங்கமீன்களைப் பற்றிப் பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். பாவம் மீன்கள், அவற்றின் வாடகையில் எந்தக் கிளப்பும் கவிழாது.)

விற்ற வரிசையைப் பாருங்கள். 2002 ஜூலையில் ஃபெர்டினாண்ட் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, சுமார் 3 கோடி. லாபம்தான், நல்ல விலைதான். ஆனால் அந்த விற்பனையோடு ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு மாதத்தில் ராபி கீன், 1.2 கோடிக்கு வாங்கியவர், 70 லட்சத்துக்கு. ஜனவரியில் வுட்கேட், 90 லட்சம். அடுத்த கோடையில் ஹாரி கியூவெல், அந்தக் காலத்தில் லீகின் ஆபத்தான ஆட்டக்காரர்களில் ஒருவர், ஒப்பந்தத்தில் ஒரே வருடம் மிச்சம் இருந்ததால் வெறும் 50 லட்சம். அடிமாட்டு விலை என்பது இதைத்தான்.

இதில் என்னை ரொம்பப் படுத்துவது ராபி ஃபவுலர் விவகாரம். 1.1 கோடிக்கும் மேல் கொடுத்து வாங்கியவரை பதினாலே மாதத்தில் மான்செஸ்டர் சிட்டிக்கு அதில் பாதி விலைக்குத் தள்ளினார்கள். அதோடு நின்றதா? அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை லீட்ஸே தொடர்ந்து கட்டவும் ஒப்புக்கொண்டது. வேறு அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுகிறவருக்கு நீங்கள் சம்பளம் கொடுப்பது. இதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிய குமாஸ்தாவை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பரிதாபமாக இருக்கும்.

இந்த மாதிரி நேரத்தில் யாரை விற்பது என்பதும் கிளப் கையில் இருப்பதில்லை. அணிக்குத் தேவையில்லாத, காயத்தோடு உட்கார்ந்திருக்கிற, எக்கச்சக்கச் சம்பளம் வாங்குகிற ஒருவரைத்தான் எல்லா மேனேஜரும் அனுப்ப நினைப்பார்கள், ஆனால் அவரை எவன் வாங்குவான்? அந்தச் சம்பளத்தை வேறு யாரும் தரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், நகர மாட்டார். வாங்க ஆள் வருவது இருப்பதிலேயே நல்ல ஆட்டக்காரருக்கு. கறக்கிற மாட்டை ஓட்டிப் போய் விற்று, மலட்டு மாட்டுக்குத் தீவனம் போடுகிற கதை.

இதற்கு மேல் கணக்கு விதி வேறு ஒரு குசும்பு செய்கிறது. 5 கோடிக்கு ஒருவரை ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்கில் அந்தச் செலவு வருடத்துக்கு ஒரு கோடியாகப் பிரித்து எழுதப்படும். இரண்டு வருடம் கழித்துப் புத்தக மதிப்பு 3 கோடி. அவரை 3.5 கோடிக்கு விற்றால் லாபம் 50 லட்சம்தான். அதே 3.5 கோடிக்குச் சொந்த அகாடமியில் வளர்ந்த பையனை விற்றால்? அவனை வாங்க யாருக்கும் பணம் கொடுக்கவில்லை, புத்தக மதிப்பு பூஜ்யம், மொத்தமும் லாபம். கணக்கு இடிக்கும்போதெல்லாம் எட்டு வயதில் வந்து சேர்ந்த பையன்மேலேயே கண் விழுவது இதனால்தான்.

இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகில் சமீப வருடங்களில் கடனைவிட நஷ்ட வரம்புதான் பேச்சாக இருந்தது. 2025-26 சீசன் வரை இருந்த விதி இது: மூன்று வருடத்தில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு நஷ்டம், அதைத் தாண்டினால் புள்ளி வெட்டு. கணக்கு முடிகிற நாள் பல கிளப்புகளுக்கு ஜூன் 30. அதனால் வங்கி வைக்கிற கெடு போய் லீக் வைக்கிற கெடு வந்தது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2023இல் இதோடு மல்லுக்கட்டியது சுவாரஸ்யமான கதை. கீழ் லீகிலிருந்து ஏறி வந்த கிளப் என்பதால் அவர்களுக்கு வரம்பு 6.1 கோடிதான். கையில் பிரென்னன் ஜான்சன், அகாடமிப் பையன். ஜூன் 30க்குள் கொடுத்தால் மலிவாகப் போவான் என்று பிடித்து வைத்தார்கள். செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடிக்கு விற்றார்கள். நல்ல வியாபாரம். ஆனால் அந்தப் பணம் அடுத்த வருடக் கணக்கில் போய் விழுந்துவிட்டது, வரம்பை 3.45 கோடி தாண்டியாயிற்று, 2024 மார்ச்சில் நாலு புள்ளி போனது. பொறுத்திருந்து நல்ல விலைக்கு விற்றது தப்பா என்று அவர்கள் வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. லீகில் இருந்து இறங்காமல் தப்பித்தார்கள் என்பதால் இதைச் சொல்லலாம்: அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

2024இல் நியூகாசில் அந்த ரிஸ்கை எடுக்கவில்லை. ஜூன் கடைசியில், கெடு முடிய மணிக்கணக்கு பாக்கி இருக்கும்போது, எலியட் ஆண்டர்சனை விற்றார்கள். சின்ன வயதிலிருந்து அந்தக் கிளப்பில் வளர்ந்தவர். கூடவே நியூகாசில் சட்டையில் ஒரு போட்டிகூட ஆடாத யான்குபா மின்டே பிரைட்டனுக்கு. உலகத்திலேயே பணக்கார உரிமையாளர்களில் ஒருவரைக் கையில் வைத்திருக்கிற கிளப் இது! ஆண்டர்சனை வாங்கியது யார் தெரியுமோ, அதே ஃபாரஸ்ட். இப்போது அவர் இங்கிலாந்து அணியில் ஆடுகிறார்.

சரி, மறுபடி கடனுக்கு வருவோம். 2001 அரையிறுதியில் லீட்ஸை வீழ்த்தியது ஸ்பெயினின் வலென்சியா. ஆறு வருடம் கழித்து அவர்கள் புது ஸ்டேடியத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். பழைய ஸ்டேடியமான மெஸ்தாயாவின் நிலத்தை விற்று இதைக் கட்டி முடிப்பது என்று திட்டம். அந்த நேரம் பார்த்து ஸ்பெயினில் நில விலை சரிந்தது, பழையதை வாங்க ஆளில்லை, 2009 பிப்ரவரியில் வேலை நின்றது. காங்கிரீட் எலும்புக்கூடு ஒரு பக்கம் வெயில் காய, 2010இல் டேவிட் வியா பார்சிலோனாவுக்கு 4 கோடி யூரோவுக்குப் போனார், டேவிட் சில்வா மான்செஸ்டர் சிட்டிக்கு, அடுத்த வருடம் ஹுவான் மாட்டா செல்சிக்கு. இதில் ஆச்சரியம், அந்த மூன்று சீசனும் லீகில் மூன்றாவது இடம் பிடித்தார்கள். உனாய் எமெரி அப்போது அங்கேதான் மேனேஜர். விற்றால் உடனே விழுந்துவிடுவார்கள் என்பதெல்லாம் இல்லை, ஒரு நல்ல மேனேஜர் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிப்பார். பின்னால் மெல்ல மெல்லத்தான் சரிந்தது. அந்த ஸ்டேடிய வேலை மறுபடி தொடங்கியது 2025 ஜனவரியில்.

பார்சிலோனா விஷயம் இன்னும் மோசம், அங்கே விற்கக்கூட முடியவில்லை. 2021 ஆகஸ்ட் 8, மெஸ்ஸி மேடையில் அழ, மனைவி ஒரு டிஷ்யூவை நீட்டுகிறார். கிளப்புக்கு விலையாக ஒரு பைசாகூட வராமல் போனார். கிளப்பின் கடன் 135 கோடி யூரோ என்று அந்த மாதம்தான் தலைவர் லாபோர்ட்டா சொன்னார். மெஸ்ஸியைச் சேர்த்தால் சம்பளச் செலவு வருமானத்தில் 110 சதவீதம், சேர்க்காவிட்டால் 95 சதவீதம் என்றும் சொன்னார். இரண்டாவது எண்ணைக் கேட்டபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் போன பிறகும் 95! "சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொள்கிறேன்" என்று மெஸ்ஸி ஒப்புக்கொண்டும், லீகின் சம்பள வரம்பு இடம் கொடுக்கவில்லை.

மறு வருடம் ஃப்ரெங்கி டி யோங். மான்செஸ்டர் யுனைடெட் விலை பேசிவிட்டது, பார்சிலோனாவும் விற்கத் தயார், ஆட்டக்காரர் மட்டும் அசையவில்லை. கொரோனா காலத்தில் அவருடைய சம்பளத்தில் ஒரு பெரிய பங்கைப் பின்னால் தருகிறோம் என்று ஒத்திவைத்திருந்தார்கள், அது பாக்கி. கிளப்புக்குக் கடன் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்! கடன் கொடுத்தவரையே விற்றுக் கடனை அடைக்கப் பார்த்தால் அவர் கழுத்தில் துண்டைப் போட்டு முதலில் என் பாக்கியை எடுத்து வை என்று கேட்காமல் என்ன செய்வார்? அங்கேயே இருந்தார், இன்றும் அங்கேதான் ஆடுகிறார்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஜெர்மனியின் டோர்ட்மண்ட். 2005இல் திவால் வாசலில் நின்ற கிளப், கஷ்டகாலத்தில் போட்டிக் கிளப்பான பேயர்னிடமே கைமாற்று வாங்கியவர்கள். இன்றும் நட்சத்திரங்களை விற்றுத்தான் பிழைக்கிறார்கள், ஆனால் கெடு அவர்கள் வைப்பது. 2020 கோடையில் ஜேடன் சாஞ்சோவுக்கு ஆகஸ்ட் 10க்குள் கேட்ட விலையைக் கொடு, இல்லையென்றால் இல்லை என்றார்கள். மான்செஸ்டர் யுனைடெட் இழுத்தடித்தது. நாள் தாண்டியதும் கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த வருடம் 8.5 கோடி யூரோவுக்குத்தான் போனார், முதலில் கேட்டது 12 கோடி. பணமாகப் பார்த்தால் நஷ்டம் என்று வாதாடலாம், என் நண்பர் ஒருவர் இன்னும் வாதாடுகிறார். ஆனால் அந்த ஒரு வருடமும் சாஞ்சோ டோர்ட்மண்டுக்கு ஆடினார், ஜெர்மன் கோப்பை இறுதியில் இரண்டு கோல் அடித்து ஜெயித்துக் கொடுத்தார். முடியாது என்று சொல்லிவிட்டு அப்புறமும் சம்பளம் போட வசதி இருந்தது, அதுதான் வித்தியாசம்.

லீட்ஸுக்கு அந்த வசதி கடைசிவரை வரவில்லை. 2004 மே மாதம் லீகிலிருந்தே இறங்கிவிட்டார்கள். கடைசி உள்ளூர் ஆட்டம் சார்ல்டனோடு, 3-3. விசில் ஊதியதும் ரசிகர்கள் மைதானத்தில் இறங்கி, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஆலன் ஸ்மித்தைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அவர் அழுதுகொண்டிருந்தார். தூக்கியவர்களுக்கும் தெரியும், அவர் இனி இங்கே இல்லை என்று. அந்த மாதம் முடிவதற்குள் 70 லட்சம் பவுண்டுக்கு விலை பேசியாயிற்று. போனது மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு.